இரண்டு கூடை உறை மண்

காலை ஆறேகால் மணி. முதலில் கண்ணில் பட்டது மாலதியின் செருப்பு. வீட்டு வாசலில் கழற்றிவிட்டதுபோல் வரப்பின் மேல் ஜோடியாக, நேராக இருந்தது. நான் பழவேற்காட்டிலிருந்து கிளம்பும் முதல் பேருந்தில் வந்து இறங்கி, அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று ஏரிப் பக்கமாக வேகமாக நடந்து வந்திருந்தேன். அவள் கழனிக்கு நடுவில் இருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகி, குனிந்து, ஒரு கைப்பிடி சேற்றை எடுத்து மூக்கருகே வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகுதான் பயிரைப் பார்த்தேன். நாற்று நட்ட உயரத்திலேயே நின்றது. நுனி மஞ்சள், அடி பழுப்பு. பக்கத்துக் கழனியில் அதே வாரம் நட்டது தூர் கட்டிக் கரும்பச்சையாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வரப்புதான்.

"மண்ணு செத்துக் கெடக்குது பிலோ" என்றாள் மாலதி.

இந்த வாக்கியம் பிறகு செய்தித்தாளில் தலைப்பாக வந்தது. வரவைத்தவள் நான்.

என் பெயர் பிலோமினா. உயிர் உரம் தயாரிக்கும் அரசு ஆய்வகம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றவள். மாலதியும் அப்படித்தான். ஒரே நாளில் சேர்ந்தோம். பாக்டீரியாவை வளர்த்து, பழுப்பு நிலக்கரித் தூளில் கலந்து, பாக்கெட் போட்டு விவசாயிகளுக்கு அனுப்புவது எங்கள் வேலை. இப்போது பாக்கெட்டை நிறுத்திவிட்டார்கள். எல்லாம் திரவமாகப் பாட்டிலில் போகிறது. நிரப்புவதற்கு இயந்திரமும் அறைக்குக் குளிர்சாதனமும் வந்துவிட்டன. பாக்கெட் காலத்து அனுபவத்தை எழுதித் தரும்படி இப்போது அங்கே வேலை பார்க்கும் பெண்கள் கேட்டார்கள். முதலில் மாலதியிடம்தான் கேட்டார்களாம். தனக்கு எழுத வராது, பிலோவைக் கேளுங்கள் என்று அவள் சொன்ன பிறகு என்னிடம் வந்தார்கள்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குடுவை கழுவினோம், பஞ்சு அடைப்பு சுருட்டினோம், நீராவிக் கொதிகலனில் எல்லாவற்றையும் வேகவைத்தோம், மறுபடியும் கழுவினோம். அதற்குப் பிறகுதான் பாக்டீரியாவைத் தொட்டு எடுக்கும் கம்பி வளையத்தைக் கையில் கொடுத்தார்கள்.

நாங்கள் வளர்த்தது எதற்கு என்று அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பயிருக்கு மேலே இருக்கும் காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன். ஆனால் நெல் அதை நேராக எடுத்துக்கொள்ளாது. மண்ணில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் காற்றிலிருந்து அதைப் பிடித்து வேருக்கு உணவாக மாற்றித் தருகின்றன. வேறு சில, மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் மணிச்சத்து என்கிற பாஸ்பரஸைக் கரைத்து விடுவிக்கின்றன. இன்னும் சில வைக்கோலையும் சருகையும் மக்கவைக்கின்றன. மழை பெய்ததும் எழும் மண்வாசனை மண்ணுடையது அல்ல. மண்ணில் வாழும் ஒரு வகை பாக்டீரியாவினுடையது. வாசனை வராத மண்ணில் அவை குறைவு என்று பொருள்.

மாலதிக்கு அந்த மூக்கு இருந்தது. அவள் குடும்பத்துக்குத் திருப்பாலைவனத்தில் நெல் கழனி. மண்ணைப் பிடித்து முகர்ந்தே, எருவு போட்டதா, தண்ணீர் தேங்கியதா என்று சொல்லிவிடுவாள். நான் கோட்டைக்குப்பத்துக்காரி. எங்கள் நைனா ஏரியில் வலை போட்டார். அம்மா இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போனாள். எங்கள் வீட்டைச் சுற்றி மணலும், ஏரிக்குள் சேறும் இருந்தன. மண் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் அதிகம் வேலை இல்லை. ஆய்வகத்துக்கு மண் மாதிரி வந்தால் மாலதி பையைத் திறந்ததும் முகர்வாள். நானும் முகர்வேன். எனக்கு எல்லாப் பையும் ஒன்றுபோலவே இருக்கும்.

எங்கள் பொறுப்பு அதிகாரி வசந்தகுமாரி மேடம். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. பாக்டீரியா வளர்க்கும் தட்டு திறந்திருக்கும்போது அதன் முன்னால் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது அவர் விதி. பேச வேண்டியிருந்தால் தட்டை மூடி, இரண்டடி பின்னால் வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு பேச வேண்டும். அவரும் அப்படியே செய்வார். நம் முழங்கை வெளியே விரிந்திருந்தால் பேனாவின் பின்பக்கத்தால் அதை உள்ளே தள்ளிவிட்டுப் போவார். சோதனைக் குழாயின் வாயைச் சுடரில் காட்ட மறந்தால் குழாயை வாங்கிக் குப்பைக்கூடையில் போடுவார். திட்டியது இல்லை. புகழ்ந்ததும் இல்லை. வேலை பிடித்திருந்தால், தன் பிளாஸ்கைத் திறந்து அதன் மூடியில் டீ ஊற்றி, நம் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

அந்த மூடியில் மாலதி பல முறை குடித்திருக்கிறாள். என் மேஜைக்கு அது வந்ததில்லை.

என் கை அவள் கையைவிடச் சுத்தம். இது பொறாமையில் சொல்வது அல்ல; பொறாமை இருந்தது, அது வேறு விஷயம். என் தட்டுகளில் வெளிப் பூஞ்சை விழுவது அபூர்வம். அவள் தட்டுகளில் அவ்வப்போது விழும். மேடம் அவற்றையும் பார்ப்பார், பார்த்துவிட்டு மூடியில் டீ ஊற்றுவார். அவர் எதை அளந்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

அந்தக் காலத்தில் ஒரு நாளிதழின் வேளாண் பக்கத்துக்கு நான் குறிப்புகள் எழுதிக்கொண்டிருந்தேன். மேடம் அனுமதி வாங்கித் தந்திருந்தார். பக்கத்தைப் பார்த்துக்கொண்ட உதவி ஆசிரியர் எனக்கு மூன்று விஷயங்களைச் சொல்லிக் கொடுத்தார். முதலில் கண்ணில் பட்டதை எழுது. முக்கியமானதை மேலே வை, இடம் போதாவிட்டால் கீழிருந்துதான் வெட்டுவோம். செய்தியை எழுதுகிறவர் செய்திக்குள் இருக்கக் கூடாது. மூன்றையும் நான் கடைப்பிடித்தேன்.

அந்தச் செத்த கழனி ஏழுமலை என்பவருடையது. ஏரியை ஒட்டிய நிலம். பல ஆண்டுகள் இறால் பண்ணைக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். பண்ணைக்காரர்கள் அவரையே அங்கே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். காவலில் தொடங்கி, குட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வரை வந்தார். நோய் விழுந்து பண்ணை மூடியதும், கரைகளை உடைத்துச் சமன் செய்து மறுபடி நெல் வைத்தார். முதல் பயிர் உப்பில் போனது. மழை உப்பைக் கழுவியது. அடுத்த பயிரும் போனது. இப்போது நாங்கள் பார்த்தது மூன்றாவது.

நிலம் அவருக்கும் தம்பிக்கும் பொது. வாங்குவதற்கு ஆள் தயாராக இருந்தது. இந்தச் சம்பாவும் கருகினால் கையெழுத்துப் போட்டுவிடுவதாகத் தம்பிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வேறு நிலம் கிடையாது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஏதாவது ஒப்பந்தக் காவல் வேலை கிடைக்குமா என்றும் சொல்லிவைத்திருந்தார். இதையெல்லாம் அவர் என்னிடம் சொல்லவில்லை. மாலதியிடம் சொன்னார். மாலதி பேருந்தில் என்னிடம் சொன்னாள்.

அன்று காலை அவர் வரப்பில் வந்து நின்று மாலதியைப் பார்த்துக் கேட்டார்: "இன்னா மாலதிம்மா, உங்க பாக்கெட்டு வேல செய்யலியா, எங்கூட்டு மண்ணு வேல செய்யலியா?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "குப்பத்து மேடம், நீங்க ஒரு வலைய வீசிப் பாருங்க. நெல்லுதான் இல்ல, எறாவாச்சும் மாட்டும்."

மாலதி சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு மண்ணைப் பையில் எடுத்தேன்.

ஆய்வகத்தில் அந்த மண்ணைப் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது அதைக் கையால் செய்வது குறைந்துவிட்டது என்று கேள்வி. எடை போட்ட மண்ணை, கிருமி நீக்கிய தண்ணீரில் போட்டுக் குலுக்குவோம். அதிலிருந்து ஒரு பங்கு எடுத்து ஒன்பது பங்கு சுத்தத் தண்ணீர் உள்ள குழாயில் விடுவோம். அதிலிருந்து ஒரு பங்கு அடுத்த குழாய்க்கு. இப்படிப் படிப்படியாக நீர்த்த பிறகு, கடைசிக் குழாய்களிலிருந்து ஒரு துளியை உணவுக் கூழ் நிரப்பிய தட்டில் பரப்பிக் கவிழ்த்து வைப்போம். உயிரோடு இருந்த ஒவ்வொன்றும் சில நாளில் கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளியாக வளரும்.

பக்கத்துக் கழனியின் தட்டில் வெள்ளை, மஞ்சள், சுண்ணாம்புத் தூள் போன்றவை என்று புள்ளிகள் நெருக்கியடித்தன. ஏழுமலையின் தட்டு ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. காற்று நைட்ரஜனைப் பிடிப்பவை இருந்தால் பச்சையிலிருந்து நீலமாக மாற வேண்டிய குழாய், பச்சையாகவே நின்றது. எங்கள் பாக்கெட்டைக் கரைத்து நாற்றின் வேரை அதில் நனைத்துத்தான் நட்டிருந்தார். அந்தப் பாக்டீரியாகூட மண்ணில் இல்லை.

மேடம் தட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் செய்ததை மாலதியும் மாலதி செய்ததை நானும் திரும்பச் செய்யச் சொன்னார். அதே முடிவு. உப்பை அளந்தோம். உப்பு இருந்தது, ஆனால் அதே அளவு உப்பில்தான் பக்கத்தில் நெல் நின்றது. "மாலதி அன்றைக்கே சொன்னாளே" என்றார் மேடம். மூடி மாலதியின் மேஜைக்குப் போனது.

செத்துவிட்டது என்பது சரி. எதனால் என்பதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த வாரம் மேடமும் எங்களோடு கழனிக்கு வந்தார். உச்சி வெயில். ஏழுமலை தூக்குவாளியில் தண்ணீர் கொண்டுவந்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். முதலில் மேடத்துக்கு, பிறகு மாலதிக்கு, கடைசியாக எனக்கு. டம்ளரை வாயருகே கொண்டுபோனபோது எங்கள் அம்மாவின் வாசனை வந்தது.

இறால் உரிக்கும் கொட்டகையில் ஒவ்வொரு கூடைக்கும் முன்னால் பிளீச்சிங் தண்ணீரில் கையை முக்க வேண்டும். அம்மா எத்தனை சோப்புப் போட்டாலும் அது போகாது. அந்தக் கையால்தான் எங்களுக்குச் சோறு பிசைந்து கொடுப்பாள். நான் ஏழுமலையின் கையைப் பார்த்தேன். விரலிடுக்கு வெளுத்திருந்தது. நகத்தின் ஓரம் வெடித்திருந்தது. அம்மாவின் கையும் அப்படித்தான் இருக்கும்.

மேடத்தின் பக்கத்தில் போய், பிளீச்சிங் பவுடர் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் கேள் என்பதுபோல் தலையசைத்தார்.

"அண்ணா, கழனிக்கு இன்னா போட்டீங்க?" என்றேன்.

"அதான் அன்னிக்கே சொன்னனே. எருவு, யூரியா, உங்க பாக்கெட்டு."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி கழுவுனேன்."

"எத போட்டு?"

"பிளீச்சிங்தான். வேற எத போடுவாங்க?" அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "குப்பத்துல பொறந்துட்டு நீங்க கேக்குறீங்களே. குஞ்சு உடறதுக்கு முன்னாடி குட்டைய கழுவ மாட்டாங்களா? பாக்கெட்டுல இருக்கறது உயிருன்னு சொன்னீங்க. எறாக் குஞ்சு மாதிரி பாத்துக்கோன்னு மாலதிம்மாதான் சொல்லிச்சி. அப்டித்தான் பாத்துக்கினேன்."

பண்ணையில் அதுதான் முறை. குட்டையில் எதை விடுவதாக இருந்தாலும், இறால் குஞ்சானாலும் நல்ல பாக்டீரியா என்று வாங்கி ஊற்றுவதானாலும், முதலில் பிளீச்சிங் போட்டுப் பழைய கிருமிகளை அழித்துவிடுவார்கள். ஆனால் அங்கே பல நாள் வெயிலில் தண்ணீரை விட்டு, குளோரின் நெடி பறந்த பிறகுதான் உயிரை விடுவார்கள். இவர் சாயங்காலம் தூவி, காலையில் நாற்றை நட்டிருந்தார். அதோடு நிற்கவில்லை. பாசி பிடித்துத் தண்ணீர் பச்சையடித்தால் குட்டையில் செய்வதுபோல் மறுபடி ஒரு கை தூவியிருந்தார். அந்தப் பச்சையிலும் காற்று நைட்ரஜனைப் பிடிக்கும் உயிர்கள் உண்டு. எது போட்டீர்கள் என்று நாங்கள் கேட்டபோது அவர் மறைக்கவில்லை. கழுவுவது அவர் கணக்கில் போடுவதில் சேராது.

மேடம் இதையெல்லாம் அவருக்குச் சொன்னார். ஏழுமலை வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப மூணு போகமா நானேதான் கொன்னுனு இருந்தனா?"

 முதல் போகம் உப்பு என்று மேடம் சொன்னார். பிறகு பையிலிருந்து பிளாஸ்கை எடுத்தார். நான் டம்ளரைக் கீழே வைத்தேன். மேடம் மூடியில் டீயை ஊற்றி ஏழுமலையின் பக்கத்தில் வைத்தார். அவர் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.  அவர் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

சம்பாவைக் காப்பாற்ற முடியாது என்பது தெரிந்துவிட்டது. உழுதுவிட்டு, மழைத் தண்ணீரை விட்டு வடித்து, தக்கைப்பூண்டு விதைக்கச் சொன்னார் மேடம். பசுந்தாள் உரப்பயிர் அது. உப்பையும் தேங்கிய தண்ணீரையும் தாங்கும். மடக்கி உழுத பிறகு, தையில் தொடங்கும் நவரைப் பருவத்துக்கு நெல். ஆனால் தக்கைப்பூண்டு தன் வேரில் நைட்ரஜன் பிடிக்கும் முடிச்சுக் கட்ட வேண்டுமானால், அதற்கு உரிய பாக்டீரியா மண்ணில் இருக்க வேண்டும்.

பாக்கெட் கொண்டுவருகிறேன் என்றேன்.

"பாக்கெட்டில் ஓர் இனம்தான் இருக்கு பிலோமினா. இந்த மண்ணுக்கு ஒரு ஊரே வேணும்" என்றார் மேடம். உயிருள்ள கழனியிலிருந்து மண் எடுத்து, பாலுக்கு உறை ஊற்றுவதுபோல் இதில் கலக்க வேண்டும். வருடா வருடம் தக்கைப்பூண்டு மடக்கி உழுத கழனியாக இருந்தால் நல்லது. அப்படி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். எங்கள் இருவரையும் பார்த்துத்தான் கேட்டார்.

"எங்க கழனியில எடுத்துக்கலாம் மேடம்" என்றாள் மாலதி.

எங்கள் குப்பத்தில் எடுத்துக் கொடுக்க மணல்தான் இருந்தது.

இரண்டு கூடை மண் திருப்பாலைவனத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தது. வெயில் படாமல் ஈரச் சாக்கு போட்டு மூடியிருந்தாள். ஏழுமலை எருவோடு கலந்து கழனி முழுக்க வீசினார். அள்ளி வீசும்போது மாலதியின் அப்பாவைக் குறித்து, பெரியவர் மண்ணு, பெரியவர் மண்ணு என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அது காதில் விழாத தூரத்துக்கு நான் நகர்ந்திருக்கலாம். நகரவில்லை.

பொங்கலுக்குத் தம்பி ஊருக்கு வந்தபோது கையெழுத்துக்கான நாளும் பேசியாகிவிட்டிருந்தது. நெல் இல்லாத கழனியில் ஆளுயரத்துக்குத் தக்கைப்பூண்டு நின்றதைப் பார்த்து, களை மண்டிவிட்டது என்று தம்பி சொன்னாராம். ஏழுமலை ஒரு செடியை வேரோடு பிடுங்கி, உப்பு ஏரித் தண்ணீரில் படாமல் வாய்க்கால் தண்ணீரில் அலசி, அவர் முன்னால் நீட்டினார். வேர் முழுக்க முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கிள்ளிக் காட்டினார். உள்ளே இளஞ்சிவப்பு. முடிச்சு வேலை செய்கிறது என்பதற்கு அந்த நிறம்தான் அடையாளம் என்று மேடம் அவருக்குச் சொல்லியிருந்தார்.

"பாருடா, வேர்ல சினை புடிச்சிருக்கு. சினை புடிச்சத எவனாச்சும் விப்பானா?"

தம்பியும் ஏரிக்கரையில் வளர்ந்தவர். சினை மீனைப் பற்றி அவருக்கு விளக்க வேண்டியதில்லை. நவரை முடியும்வரை பொறுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். இதை ஏழுமலை ஆய்வகத்துக்கு வந்து மாலதியிடம் சொன்னார். நான் பக்கத்து மேஜையில் தட்டுகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

நவரை விளைந்தது. பெரிய விளைச்சல் இல்லை. பக்கத்துக் கழனியைவிடக் குறைவு. ஆனால் அறுத்தார், தூற்றினார், மூட்டை கட்டினார். கையெழுத்து நடக்கவில்லை.

அறுவடை அன்று நான் செய்தி எழுதினேன். மிகப் பலமான வாக்கியம் எதுவோ அதை மேலே வைக்க வேண்டும். மாலதி சொன்னதுதான் பலமானது. அதை மேலே வைத்தேன், அவள் பெயரோடு. அடுத்து இரண்டு கூடை மண். பிளீச்சிங் பவுடர் நடுவில் வந்தது. அதை ஆய்வக ஊழியர் ஒருவர் கண்டறிந்தார் என்று எழுதினேன். எழுதுகிறவர் செய்திக்குள் இருக்கக் கூடாது. இறால் குஞ்சுபோல் பார்த்துக்கொள்ளச் சொன்னது யார் என்பதைக் கடைசிப் பத்தியில் எழுதியிருந்தேன். இடம் போதவில்லை என்று அந்தப் பத்தியை எடுத்துவிட்டார்கள்.

செய்தி வந்த நாளில் மாலதி அதை மேடத்திடம் கொண்டுபோய்க் காட்டி, "பிளீச்சிங்னு கண்டுபிடிச்சது பிலோதான் மேடம், என் பேரப் போட்டிருக்கா" என்றாள். விவசாயிகளிடமும் சொன்னாள், பார்க்க வந்த பெரிய அதிகாரிகளிடமும் சொன்னாள். எல்லோரும் அவளுக்கு எவ்வளவு பெருந்தன்மை என்று வியந்தார்கள். அவள் பொய்யாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். உண்மையாகவே சொன்னாள்.

மேடம் என்னிடம் ஒரே ஒரு முறை அதைப் பற்றிப் பேசினார். தட்டை மூடி, இரண்டடி பின்னால் வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அம்மா கை இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டார். நான் அவரிடம் அம்மாவைப் பற்றிச் சொன்ன நினைவில்லை. மாலதி சொல்லியிருக்க வேண்டும்.

இதை எழுத ஒப்புக்கொண்ட பிறகு, ஒரு முறை பார்த்துவிட்டு எழுதலாம் என்று போன மாதம் அங்கே போனேன். ஏரி ஓரத்தில் புது வீடுகள் வந்திருந்தன, வழி மாறியிருந்தது. தண்ணீர்க் குடத்தோடு வந்த ஒரு பெண்ணிடம் ஏழுமலை நிலம் எது என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. இறால் குட்டையாக இருந்து மறுபடி நெல் வைத்த இடம் என்றேன்.

"ஓ, மாலதி கழனியா?" என்று கையைக் காட்டினாள்.

அந்த ஊரில் மாலதி என்ற பெயரில் யாருக்கும் நிலம் இல்லை.